செய்தி வந்த வழியைத் தேடுதல்: பெங்களூருத் தமிழ் மாணவர்களுக்கான ஊடக, தகவல் எழுத்தறிவு வழிகாட்டி

பெங்களூரில் வளரும் தமிழ் மாணவர் ஒருவருக்கு ஒரே நாளில் நான்கு மொழிகளில் செய்தி வந்து சேர்கிறது. வீட்டில் தமிழ் நாளிதழும் தமிழ்த் தொலைக்காட்சியும், வகுப்பில் ஆங்கிலமும், தெருவிலும் பேருந்திலும் கன்னடமும், நண்பர்கள் அனுப்பும் காணொலிகளில் இந்தியும் அவர் காதில் விழுகின்றன. ஊடக, தகவல் எழுத்தறிவு என்று யுனெஸ்கோ குறிப்பிடும் திறனை, அதாவது செய்தியைச் சோதித்துப் பயன்படுத்தும் திறனைப் பயில இதைவிட நல்ல இடம் அமைவது அரிது. அதே சமயம், இரு மாநிலங்களுக்கு இடையே ஒரு பூசல் மூளும்போது பொய்ச் செய்தி முதலில் வந்து விழுவதும் இந்த மாணவர்களின் கைப்பேசியில்தான்.

இந்நகரம் அதன் விளைவை நேரில் கண்டிருக்கிறது. 2012 ஆகஸ்ட் நடுவில், வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளாகவும் வாய்மொழியாகவும் பரவியதால், ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ரயில் நிலையத்தில் திரண்டு குவாஹாட்டி ரயிலேறினார்கள். ரயில்வே சிறப்பு ரயில்களை விட வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்டோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு 15 நாட்களுக்குத் தடை செய்தது.

இத்தகைய நிகழ்வுகளைக் காட்டி, “எதையும் நம்பாதே” என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இப்போது வழக்கமாகி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதையும் நம்பாதவருக்கு மெய்ச் செய்தியாலும் பயனில்லை. குடிநீர் வாரியத்தின் எச்சரிக்கையும் அவரிடம் எடுபடாது. ஒரு செய்தி எங்கே பிறந்து, எவ்வழியே வந்து, யாரிடம் சேர்கிறது என்ற பாதையை வரையத் தெரிந்தவருக்கு, அப்பாதையில் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரியும். கீழே உள்ள படிகள் அந்த முறையில் அமைந்தவை.

முதல் படி: பாதையை வரைந்துகொள்ளுங்கள்

தகவல் தொடர்பு என்னும் பாடத்தைத் தொடங்கும் எந்த மாணவரும் இரண்டு 1948ஆம் ஆண்டு ஆக்கங்களைச் சந்திப்பார். அமெரிக்க அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்வெல், யார், என்ன, எந்த ஊடகத்தின் வழியே, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்ற ஐந்து கேள்விகளை அவ்வாண்டில் முன்வைத்தார். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் கிளாடு ஷானன் அதே ஆண்டில் தொலைத்தொடர்புக்காக ஒரு வரைபடத்தை அளித்தார். மூலம், அனுப்பும் கருவி, அலைவழி, பெறும் கருவி, சேருமிடம் என்ற ஐந்து உறுப்புகளும், அலைவழியில் குறுக்கிடும் இரைச்சலும் அதில் இருந்தன. ஷானனின் கவலை கம்பிவழிச் சமிக்ஞை பழுதின்றிச் சேர்வதைப் பற்றியதே. பொருள் விளங்கியதா என்பது அவருடைய கணக்கில் சேரவில்லை. அந்தக் குறையைத் தகவல் தொடர்பு ஆய்வாளர் வில்பர் ஷ்ராம் 1954இல் நிரப்பினார். அனுப்புபவரும் பெறுபவரும் தத்தம் அனுபவத்தின் வட்டத்துக்குள் நின்றே பேசுகிறார்கள் என்றும், இரண்டு வட்டங்களும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவோ அங்கேதான் பொருள் கைமாறுகிறது என்றும், பெறுபவர் தரும் மறுமொழியும் செய்தியின் ஒரு பகுதியே என்றும் அவர் விளக்கினார்.

இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்திமீது பொருத்திப் பாருங்கள். “நாளை காவிரிக் குடிநீர் வராது, அனைவரும் பிடித்து வைத்துக்கொள்ளவும்” என்ற வரி வந்திருக்கிறது என்று கொள்வோம். பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம் பராமரிப்புப் பணிக்காக ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. அதில் தேதியும் நேரமும் பகுதிகளின் பட்டியலும் இருக்கின்றன. நாளிதழ் அதைச் சுருக்கி வெளியிடுகிறது. வாசகர் ஒருவர் அந்தச் சுருக்கத்தை மேலும் சுருக்கித் தம் குழுவில் எழுதுகிறார். எழுதும்போது தேதிக்குப் பதிலாக “நாளை” என்று போடுகிறார், பகுதிப் பெயர்களை விட்டுவிடுகிறார். இரண்டு நாள் கழித்து அதே வரி வேறொரு பகுதியின் குழுவுக்குப் போய்ச் சேரும்போது, அங்கே “நாளை” என்பது வேறொரு நாளாகிவிடுகிறது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைசியில் பெற்றவர் கையில் இருப்பது பொய்.

ஷானன் சொன்ன இரைச்சல் வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் இவ்வாறுதான் நுழைகிறது: தேதி உதிர்கிறது, இடப்பெயர் உதிர்கிறது, சொன்னவரின் பெயர் உதிர்கிறது. ஆகவே ஐயத்துக்குரிய ஒரு செய்தி வந்ததும் தாளை எடுத்து அதன் பாதையைப் பின்னோக்கி வரையுங்கள். எந்தக் கட்டத்துக்கு மேல் வரைய முடியாமல் நிற்கிறீர்களோ, அந்த இடமே நீங்கள் சோதிக்க வேண்டிய இடம்.

சமூகவியலாளர்கள் எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்டு ஆகிய இருவரும் 1955இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே நினைவில் கொள்ளலாம். ஊடகச் செய்தி மக்களை நேரே தொடுவதைவிட, அவர்கள் மதிக்கும் சிலரின் வழியாகவே பெரிதும் சென்று சேர்கிறது என்பது அதன் சாரம். உங்கள் குடும்பத்தில் அந்த இடத்தில் இருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ தெருவுக்கே கடிதம் எழுதிக்கொடுத்துவரும் ஒரு பெரியவர் அனுப்பினார் என்பதாலேயே ஒரு செய்தி நம்பப்படுகிறது. அவர் நேர்மையானவர் என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தியின் மூலம் அவரல்லர்.

இரண்டாம் படி: வகையை முடிவு செய்யுங்கள்

செய்தி, கருத்துக் கட்டுரை, விளம்பரம், பிரசாரம், பெயரற்ற ஃபார்வர்டு என்று வகை பிரிப்பதற்கு நெடுநேரம் தேவைப்படாது. நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் செய்தி போலவே அச்சிடப்பட்ட விளம்பரங்கள் வருவதுண்டு. மூலையில் சிறிய எழுத்தில் “விளம்பரம்” என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யூடியூப் காணொலிகளில் விலை கொடுத்து வாங்கிய பகுதிக்கும் அத்தகைய ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும்.

பிழையான தகவலிலும் மூன்று வகை உண்டு என்று ஐரோப்பியக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட ஓர் அறிக்கை பிரித்துக் காட்டியது: தவறென்று தெரியாமல் பகிர்வது, தெரிந்தே புனைந்து பரப்புவது, உண்மையான தகவலையே ஒருவருக்குத் தீங்கு செய்வதற்காக வெளியிடுவது. மூன்றாவதை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வகுப்புத் தோழியின் தனிப்பட்ட உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடும்போது, அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை என்பது பதிலாகாது.

மூன்றாம் படி: மூலத்தைச் சோதியுங்கள்

அச்சு நாளிதழ் என்றால், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், அச்சான இடம் ஆகிய விவரங்கள் ஒரு வரியில் கட்டாயம் இருக்கும். இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் முதலே நடைமுறையில் இருக்கும் கடமை இது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. தவறு நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கு அந்த வரி விடை தருகிறது. இணையத்தில் வரும் செய்திக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பொறுப்பேற்பவர் யார், அவர் பெயரும் முகவரியும் இத்தளத்தில் எங்கே இருக்கின்றன?

அரசு அறிவிப்பு என்று வருவதை அரசுத் தளத்தில் மட்டுமே உறுதி செய்யுங்கள். கர்நாடகத்தின் பி.யு.சி., எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அட்டவணையைப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம் வெளியிடுகிறது. மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். இவற்றின் தளப்பெயர் “ஜிஓவி டாட் இன்” (gov.in) என்று முடியும். அந்த எழுத்துகள் தளப்பெயரின் முடிவில், முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன் இருக்க வேண்டும்; வேறெங்கோ செருகப்பட்டிருந்தால் அது ஏமாற்று.

ஒரு தளத்தைப் பற்றி அறிய அத்தளத்துக்குள்ளேயே “எங்களைப் பற்றி” என்ற பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பது வீண். உண்மை சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டோர் உடனே வேறு சாளரங்களைத் திறந்து, மற்றவர்கள் அத்தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து, அதைப் பக்கவாட்டு வாசிப்பு என்று அழைத்தார்கள்.

இன்னொரு பொறி உண்டு. மூன்று நாளிதழ்களில் வந்திருக்கிறது, ஆகவே மூன்று சான்றுகள் உள்ளன என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். மூன்றிலும் பி.டி.ஐ. என்ற செய்தி முகமை அனுப்பிய ஒரே செய்தி வந்திருந்தால் சான்று ஒன்றுதான். டெக்கான் ஹெரால்டும் பிரஜாவாணியும் ஒரே நிறுவனத்தின் இதழ்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இரண்டும் தரமான இதழ்களே; ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குத் தனிச் சான்றாகக் காட்டுவதற்கு முன் செய்தியாளர் பெயரைப் பாருங்கள்.

சரிபார்ப்புத் தளங்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்றவை தாங்கள் எவ்வாறு முடிவுக்கு வந்தோம் என்பதைப் படிப்படியாக எழுதுகின்றன. அந்த வழிமுறையைப் படிப்பதே நல்ல பயிற்சி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் 2019 முதல் இத்தகைய பிரிவு உண்டு. ஆனால் அரசைப் பற்றிய செய்தியை அரசே பொய் என்று அறிவிக்கும்போது, அனுப்புபவர் யார் என்ற லாஸ்வெலின் முதல் கேள்வி மீண்டும் எழுகிறது. மத்திய அரசைப் பற்றிய தகவல்களில் எது பொய் என்று அடையாளம் காட்டும் அதிகாரத்தை அரசின் பிரிவுக்கு அளித்த 2023ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.

நான்காம் படி: படத்தையும் காணொலியையும் அதன் பிறப்பிடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்

2018ஆம் ஆண்டில் குழந்தை கடத்தல் வதந்தி இந்தியா முழுவதும் உயிர்களைப் பறித்தது; அவ்வாண்டு மே மாதம் பெங்களூர் சாம்ராஜ்பேட்டையிலும் ராஜஸ்தானிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது பரவிய காணொலிகளில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்தார்கள். படத்தில் ஓர் உருவமும் மாற்றப்படவில்லை. முடிவு மட்டும் காணாமல் போனது.

ஆகவே காணொலி வந்தால், அது எங்கே தொடங்கி எங்கே முடிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு முக்கியமான காட்சிகளில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தைக் கொண்டு தேட உதவும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் தேடுங்கள். ஒன்று தவறவிடுவதை மற்றொன்று காட்டக்கூடும். கிடைக்கும் முடிவுகளில் மிகப் பழைய தேதி உள்ளதைத் தேடுவதே நோக்கம். இன்று எடுத்ததாகச் சொல்லப்படும் படம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தேடுபொறிகளிடம் அப்படம் சிக்கவில்லை என்று மட்டுமே பொருள். உண்மை என்று பொருளில்லை.

அதன் பின் காட்சிக்குள் பாருங்கள். கடைப் பலகைகளின் மொழி என்ன, பேருந்தின் நிறம் என்ன, வண்டி எண் கே.ஏ. என்று தொடங்குகிறதா டி.என். என்றா, காவலர் அணிந்திருப்பது எந்த மாநிலத் தொப்பி? கர்நாடகக் காவலர்கள் நெடுங்காலம் அணிந்துவந்த ஒருபுறம் மடித்த தொப்பியைத் தமிழ்நாட்டுக் காவலரிடம் காண முடியாது. கன்னடமும் தமிழும் படிக்கத் தெரிந்த பெங்களூர் மாணவர் இந்த வேலையை டெல்லியில் அமர்ந்திருக்கும் ஒரு சரிபார்ப்பாளரைவிட விரைவாகச் செய்துவிடுவார். ஒரு குறிப்பு: வாட்ஸ்அப் வழியே வரும் படத்திலிருந்து எடுத்த தேதி, இடம் போன்ற உள் விவரங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும், அவற்றைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவால் உருவான படங்களுக்கு, விரல்களை எண்ணுங்கள் என்பது போன்ற பழைய அறிவுரைகள் இனி உதவா. உரையாடல் செயலிகளிடம் “இது உண்மையா?” என்று கேட்பதும் சரிபார்ப்பாகாது, அவை தவறான விடையையும் அதே உறுதியான தொனியில் தரக்கூடியவை. அங்கும் பாதையைத்தான் கேட்க வேண்டும்: இந்தப் படத்தை முதலில் வெளியிட்டவர் யார், சம்பவ இடத்தில் இருந்த வேறொருவர் வேறு கோணத்தில் எடுத்த படம் இருக்கிறதா?

ஐந்தாம் படி: எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள்

பெங்களூர்த் தமிழ் மாணவர் கட்டாயம் கற்க வேண்டிய கணக்கு காவிரிக் கணக்கு. நாளிதழ்களில் மூன்று அளவுகள் கலந்து வருகின்றன. அணையின் நீர்மட்டம் அடியிலும், இருப்பு டி.எம்.சி.யிலும், திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் சொல்லப்படுகின்றன. 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள். எனவே வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் 1 டி.எம்.சி. வெளியேறும்.

இந்த ஓர் எண் கையில் இருந்தால் பல தலைப்புகளின் சூடு தணிந்துவிடும். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாட்களுக்குத் தமிழ்நாட்டுக்குத் திறக்கக் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் சுமார் 13 டி.எம்.சி. செப்டம்பர் 12ஆம் தேதி அது 12,000 கன அடியாகக் குறைக்கப்பட்டு, நாள் 20ஆம் தேதிவரை நீட்டிக்கப்பட்டது. அன்றைய தினமே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. இரு மாநிலங்களிலும் தாக்குதல் காணொலிகள் கைப்பேசிதோறும் ஓடின. “12,000” என்றும் “15,000” என்றும் அன்று கத்தியவர்களில் எத்தனை பேர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அடியிலும் ஒரு மயக்கம் உண்டு. கர்நாடகத்தில் காவிரியின் குறுக்கே உள்ள கிருஷ்ணராஜசாகர் அணையின் முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு சுமார் 49.45 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடி என்று படிப்பவர், அணை எண்பது விழுக்காடு நிறைந்திருக்கிறது என்று கருதிவிடுவார். அணை அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால், 100 அடியில் இருப்பு பாதிக்கும் குறைவு. அடியை மட்டும் தலைப்பாக்கும் இதழ் பொய் சொல்லவில்லை. படிப்பவர் தவறாகக் கணக்கிட இடம் வைக்கிறது.

ஆறாம் படி: இரு மொழிகளை அருகருகே வையுங்கள்

ஊடகங்கள் எதைச் சிந்திக்க வேண்டும் என்று சொல்வதைவிட எதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதையே முடிவு செய்கின்றன என்ற கருத்தை, அமெரிக்க ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ஸ், ஷா ஆகியோரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை ஆய்வுக்கு உட்படுத்தியது. இதைச் சோதிக்கப் பெங்களூர் மாணவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஒரே நாளின் தமிழ், கன்னட, ஆங்கில நாளிதழ்களின் முதல் பக்கங்களை விரித்து வைத்து, ஒரே நிகழ்வு எங்கே இடம் பெற்றிருக்கிறது, யாருடைய மேற்கோள் முதலில் வருகிறது, எந்த எண் தலைப்புக்குப் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகம் போன்ற இடங்களில் நண்பர்கள் நால்வர் கூடிச் செய்தால் வேலை எளிது.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி வந்த இறுதித் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகச் சென்ற 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழகத்தின் பங்கு குறைந்தது என்ற தலைப்பும் உண்மை; பெங்களூருக்குக் குடிநீர் கிடைத்தது என்ற தலைப்பும் உண்மை. அந்தக் குடிநீரைக் குடிப்பவர்களில் அல்சூர்த் தமிழரும் அடக்கம் என்பதை எந்தத் தலைப்பும் சொல்லாது. ஷ்ராம் கூறிய இரண்டு அனுபவ வட்டங்களுக்குள்ளும் ஒரு காலை வைத்திருப்பவர் நீங்கள். இரு தலைப்புகளையும் ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: பகிர்வதற்கும் மறுப்பதற்கும் முன்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பு வந்தது. 2020 ஏப்ரல் முதல் இரட்டை அம்புச் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இந்தத் தடைகள் உங்களுக்குச் சில நொடிகள் அவகாசம் தருகின்றன, அவ்வளவே. அந்த அவகாசத்தில் ஒன்றைக் கேளுங்கள்: இது என்னைக் கோபப்படுத்துகிறதா? கோபம் வந்தால் சோதனை இரட்டிப்பாக வேண்டும்.

வீட்டுப் பெரியவர் அனுப்பியது பொய் என்று தெரிந்தால், குழுவில் எல்லோர் முன்னும் சரிபார்ப்புத் தளத்தின் இணைப்பை வீசுவது பலன் தராது. அவர் மௌனமாகிவிடுவார், அடுத்த முறை உங்களை விட்டுவிட்டு வேறு குழுவில் அனுப்புவார். தனியாக எழுதுங்கள்: “பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோ இந்த ஊர்ல எடுத்தது இல்ல. 2018லேயே நெட்ல இருக்கு, அந்தத் தேதியோட ஸ்கிரீன்ஷாட் கீழ வச்சிருக்கேன். குரூப்ல நீங்களே ஒரு வரி போட்டுட்டீங்கன்னா எல்லாரும் கேப்பாங்க.” திருத்தும் பொறுப்பையும் மதிப்பையும் அவரிடமே விடுவதால் திருத்தம் அவர் பெயரில் போய்ச் சேரும். காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் விளக்கிய அதே வழி இப்போது உங்களுக்குப் பயன்படுகிறது.

மறுப்பை எழுதும்போது பொய்யை முழுமையாக மறுபடி எழுதி, பிறகு “இது தவறு” என்று சேர்க்காதீர்கள். உண்மையை முதல் வரியில் வையுங்கள்; தேதியும் இடமும் கட்டாயம் எழுதுங்கள்; “நாளை”, “இன்று” என்ற சொற்களைத் தவிருங்கள். உங்கள் மறுப்பும் ஃபார்வர்டு ஆகும் என்பதை எண்ணியே எழுத வேண்டும்.

நீங்களே தவறான ஒன்றை அனுப்பிவிட்டிருந்தால், சுமார் இரண்டரை நாட்களுக்குள் அதை அனைவருக்குமாக நீக்கிவிடலாம். ஆனால் அதற்குள் பிறர் எடுத்து வேறு குழுக்களுக்கு அனுப்பிய படிகள் நீங்காது. ஆகவே நீக்கியதோடு நிறுத்தாமல், எதை நீக்கினீர்கள், சரியான தகவல் எது என்று அதே குழுவில் எழுதி, அதை மேலும் அனுப்பியவர்கள் தாங்கள் அனுப்பிய இடங்களிலும் இந்தத் திருத்தத்தைப் போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் அல்லது வங்கி விவரம் கேட்கும் போலிச் செய்தியால் யாரேனும் ஏமாந்திருந்தால், குழுவில் விவாதிப்பதற்கு முன் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கச் செய்யுங்கள். புகார் விரைவாகச் சேர்ந்தால் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.